பிள்ளை தூங்காத பாட்டு

தில்லி முனிர்காவில் மூன்றாம் மாடி அறையொன்றில் தங்கியிருக்கும் மொழியியல் ஆய்வு மாணவன் ஒருவனிடம் நான்கு நிமிட ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. சிவகங்கைக்குப் பக்கத்திலுள்ள வீட்டின் நடுக்கூடத்தில், சித்தப்பாவின் பேத்தியைச் சேலைத் தொட்டிலில் போட்டு அவனுடைய அப்பத்தா பாடிய தாலாட்டு அது. கைப்பேசியைச் சுவர் மாடத்தில் சாய்த்து வைத்துப் பதிந்ததால் பாட்டோடு வேறு பலவும் சேர்ந்து விழுந்திருந்தன. காக்கை கரைகிறது; யாரோ பாத்திரம் விளக்குகிறார்கள்; உத்திரத்துக் கொக்கி கிறீச்சிடுகிறது.

ஆடி மாதத்தில், புனேயில் இருக்கும் அவனுடைய அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. 82 வயதில், முழங்கால் வலியோடு, அத்தனை தூரம் ரயிலில் போக அப்பத்தாவால் இயலவில்லை. குடும்பத்தின் பிள்ளைகள் எல்லாம் அவள் குரலில் தூங்கியவர்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது வாய்க்காமல் போகுமோ என்ற குறை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அந்தத் தாலாட்டை ஒழுங்கான பாட்டாக்கி அக்காவுக்கு அனுப்புவதென்று பேரன் முடிவு செய்தான். ஒழுங்கு என்ற சொல்லை அவன் அப்போது ஆராய்ந்து பயன்படுத்தவில்லை.

வீட்டிலிருந்தே இசை செய்வது இன்று வியப்புக்குரியதன்று. 1989இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டி ஏ. ஆர். ரகுமான் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்துதான் 1992இல் ‘ரோஜா’வின் இசை வந்தது. அன்று அறை நிறைய இயந்திரங்கள் வேண்டியிருந்த வேலையை இன்று ஒரு மடிக்கணினி செய்கிறது. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 1999இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, எதிரொலி போன்ற விளைவுகளை மட்டுமின்றி இசைக்கருவிகளையே மென்பொருளாக உள்ளே இணைக்க வழி செய்தது. மெய்நிகர் இசைக்கருவி என்று இன்று வழங்கப்படுவது பெரும்பாலும் இந்த வழியில் வளர்ந்ததே.

ஆனால் தேர்வு எளிதாக இல்லை. யு.ஜி.சி.யின் நெட் அல்லாத ஆய்வு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அறை வாடகை, மெஸ் கட்டணம் போக எஞ்சுவதில் எதை வாங்குவது? மூன்று வகைப் பொருள்கள் அவன் முன் நின்றன. முதலாவது, எல்லாவற்றையும் தாங்கும் ஒலிப்பதிவு மென்பொருள். ஆர்டோர், எல்.எம்.எம்.எஸ். போன்றவை திறந்த மூல மென்பொருள்கள். ரீப்பர் 60 நாள் சோதித்துப் பார்க்க இடம் தந்து, தனிநபர் உரிமத்துக்கு 60 டாலர் கேட்கிறது. இரண்டாவது, இசைக்கருவிகள். இவற்றில் சில உண்மையான கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் பல அழுத்தங்களில் பதிந்துவைத்த மாதிரித் தொகுப்புகள்; பல ஜிகாபைட் இடம் பிடிப்பவை. சில, கணக்கீட்டால் ஒலியை உண்டாக்குபவை. இவை சில மெகாபைட்டில் அடங்கும். மூன்றாவது, பாட்டுக் கட்டுவதற்குத் துணைசெய்யும் மென்பொருள்கள். ஒரு மெட்டைக் கொடுத்தால் அதற்கேற்ற கார்டுகளை இவை பரிந்துரைக்கும். கார்டுகளைக் கொடுத்தால் முழுக் குழுவே வாசிப்பதுபோல் துணையிசை அமைக்கும். 1990இல் வந்த பேண்ட்-இன்-எ-பாக்ஸ் முதல் இன்றைய ஹுக்பேட், ஸ்கேலர் வரை இந்த மரபு நீள்கிறது.

மூன்று வாரம் அவன் பதிவிறக்கம் செய்துகொண்டே இருந்தான். இலவசமாகக் கிடைத்தவை, சோதனைப் பதிப்புகள், தள்ளுபடியில் வாங்கிய ஒரு வீணைத் தொகுப்பு என்று வன்தட்டில் 40 ஜிகாபைட் நிறைந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயல் அதே வன்தட்டில் பத்துப் பக்கத்தோடு நின்றிருந்தது.

முதல் வடிவம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஒலிப்பதிவிலிருந்த இரைச்சலை முதலில் நீக்கினான். காக்கையும் பாத்திரமும் கொக்கியும் போயின. குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளில் செலுத்தினான். எண்ணெய் வளத்தைத் தேட நில அதிர்வலைகளைப் பகுத்தாராய்ந்த ஆண்டி ஹில்டபிராண்ட் 1997இல் வெளிக்கொணர்ந்த ஆட்டோ-டியூன் தொடங்கிவைத்த வழி அது. பின்பு குரலைத் துண்டுகளாக வெட்டித் தாளக் கட்டங்களில் பொருத்தினான். துணைமென்பொருள் பரிந்துரைத்த கார்டுகளில் நான்கை எடுத்துக்கொண்டான். இடைவெளிகளில் வீணை வந்தது. பின்னால் வயலின் கூட்டம் எழுந்தது. கேட்பதற்குத் திரைப்பாடல்போல் இருந்தது. அக்காவுக்கு அனுப்புமுன் அப்பத்தாவின் கைப்பேசிக்கு அனுப்பினான்.

மாலையில் அவளே அழைத்தாள்.

“பாட்டு நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இதுக்குப் பிள்ளை தூங்காது.”

“ஏன் அப்பத்தா?”

“தொட்டி ஆடலையே, ராசா.”

அவள் சொன்னதை அவன் உருவகமென்று எடுத்துக்கொண்டான். பாட்டில் குழைவு போதவில்லை, சுரங்கள் அசையாமல் நிற்கின்றன என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைத் தன் மொழியில் சொல்கிறாள் என்று நினைத்தான். அந்த ஊகம் முழுவதும் தவறென்று சொல்ல முடியாது. அதைப் பின்பற்றிப் போனதில் அவன் கற்றுக்கொண்டது ஏராளம்.

மெய்நிகர் கருவிகள் பெரும்பாலும் மிடி என்ற பொதுமொழியில் பேசுகின்றன. 1983 ஜனவரியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு மின்னிசைப் பெட்டிகளை ஒரே கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலிப்பதாகக் காட்டினார்கள். மிடி உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான். அந்த மொழியில் சுரம் என்பது 0 முதல் 127 வரையுள்ள ஒரு முழு எண். பியானோவின் நடு ‘சி’ 60. 440 ஹெர்ட்ஸ் ‘ஏ’ 69. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பனவே அடிப்படைச் செய்திகள். ஆங்கிலப் பெயரில் பியானோ ரோல் என்றே வழங்கும் திரையில் சுரங்கள் சின்னஞ்சிறு செவ்வகங்களாகத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டு கட்டைகளுக்கு நடுவே போகவும் மிடியில் வழியுண்டு. பிட்ச் பெண்ட் என்ற வளைவுச் செய்திக்கு 16,384 படிகள் உள்ளன. ஓர் அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். பெரும்பாலான கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்று வளைவின் எல்லையை வைத்திருக்கும். அந்த 400 சென்ட்டை 16,384 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 0.024 சென்ட். எல்லையை மேலும் கீழும் 12 அரைச்சுரமாக விரித்தாலும் ஒரு படி 0.15 சென்ட்டைத் தாண்டாது. மனிதக் காது பிரித்தறியும் அளவைவிட இது மிக நுண்ணியது. ஆக, எண்களில் குறையில்லை. எவரும் தொடாவிட்டால் இருப்பது எதுவோ, அந்த இயல்புநிலை அமைப்பில்தான் குறை. அப்பத்தாவின் பாட்டில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரல் பஞ்சமத்திலிருந்து சட்சம் வரை இடையில் எங்கும் நில்லாமல் இறங்குகிறது. அது ஏழு அரைச்சுர இறக்கம், இரண்டில் அடங்காது.

இதை மொழியியல் மாணவன் வேறொரு பெயரில் முன்பே அறிந்திருந்தான். ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்னும் மூன்று சொற்களிலும் தமிழ் எழுதுவது ஒரே ககரத்தைத்தான்; நாவு ஒலிப்பதோ மூன்று ஒலிகளை. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது தமிழ் பேசுபவருக்குத் தானே தெரியும் என்பதால் எழுத்து அதைக் காட்ட வேண்டியதில்லை. சுரக்குறிப்பும் அப்படியே. தோடியின் காந்தாரத்தைக் ‘க’ என்று ஓரெழுத்தால் குறிக்கிறோம். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைகிறது. குறிப்பில் இல்லாத அசைவைப் பாடுபவர் மரபிலிருந்து கொண்டுவருகிறார். கணினி எந்த மரபிலும் வளர்ந்ததில்லை. ‘க’ என்றால் அந்தக் கட்டையை அழுத்திவிட்டு நிற்கும்.

கமகத்தை எழுத்தில் கொண்டுவர முயன்ற பெரியவர்களும் உண்டு. எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ சுரங்களின் மேல் ஒவ்வொரு கமக வகைக்கும் தனித்தனிக் குறி இட்டுக் காட்டியது. மேற்கத்திய இசையையும் கற்றிருந்த சின்னசாமி முதலியார் அந்தப் பணிக்கு அவரைத் தூண்டியவர்களுள் ஒருவர். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய தொல்லையாக இருந்திருக்கும் என்பதை, பியானோ ரோலின் அடியில் வளைவுக் கோட்டைச் சுட்டியால் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்த இரவுகளில் அவன் நினைத்துக்கொண்டான்.

அறைத்தோழன் கல்கத்தாக்காரன், வரலாற்று மாணவன், கட்டிலுக்கடியில் ஆர்மோனியம் வைத்திருப்பவன். இந்தச் சண்டை புதிதல்ல, இதே தில்லியில் ஒருமுறை நடந்து முடிந்ததுதான் என்று அவன் நினைவூட்டினான். தில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவை நடத்திய ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ், இந்திய இசையின் நுண்சுரங்களை ஆர்மோனியம் கொன்றுவிடும் என்று 1938இல் எழுதினார். தாகூரும் ஆர்மோனியத்தை விரும்பாதவர். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. தடை செய்தவர்கள் சொன்ன காரணம் பொய்யன்று: கட்டைகளுக்கு நடுவேயுள்ள சுரத்தை ஆர்மோனியத்தால் தொட முடியாது.

ஆனால் அந்த 31 ஆண்டுகளிலும் வானொலி நிலையத்துக்கு வெளியே ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும்படி அதை மாற்றியமைத்த பிறகு, கோயிலிலும் குருத்வாராவிலும் கவ்வாலியிலும் நாடகக் கொட்டகையிலும் அது குடியேறிவிட்டது. தமிழ் மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு உடன்பிறந்த காசி ஐயரின் ஆர்மோனியம்தான் துணை. தாகூரின் பாடல்களையே வங்காள வீடுகளில் இன்று ஆர்மோனியத்தோடுதான் பாடுகிறார்கள் என்று அறைத்தோழன் சிரித்தான். கருவி தொட முடியாத இடத்தைக் குரல் தொடுகிறது. கருவி சற்றே விலகி நின்று இடம்விடுகிறது. அந்த விலகலைக் கற்றவர்களிடம் ஆர்மோனியம் யாரையும் கொல்லவில்லை.

கார்டுகளைப் பற்றியும் அவனுக்குப் பிறகு இதே தெளிவு வந்தது. நாட்டுப்புற மெட்டுக்கு மேற்கத்திய ஒத்திசையே ஆகாது என்பாருக்கு 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ முதலாக இளையராஜா பதில் சொல்லிவிட்டார். அங்கே மெட்டின் போக்கை உணர்ந்த ஒருவர் கார்டைத் தேர்ந்தெடுக்கிறார். பரிந்துரைக்கும் மென்பொருளோ, தான் பயின்ற பாட்டுகளின் வழக்கப்படி, ஓர் அடி முடிந்தால் வீடு திரும்பிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. தாலாட்டின் அடி முடிவதில்லை. அடுத்த அடிக்குள் இழைகிறது. பிள்ளை தூங்கும்வரை பாட்டுக்கு முடிவு கிடையாது.

இரண்டாம் வடிவத்துக்கு அவன் கருவிகளை மறுபடியும் தேர்ந்தெடுத்தான். வாங்கிய வீணைத் தொகுப்பு முதலில் விலகியது. பதிந்துவைத்த ஒரு சுரத்தை ஐந்தாறு அரைச்சுரம் வளைத்தால் தந்தியின் ஒலியோடு குடத்தின் அதிர்வும் சேர்ந்து இடம்பெயர்ந்துவிடுகிறது, வீணை பொம்மையாகிவிடுகிறது. உண்மையான வீணையில் தந்தி இழுபடும்போது குடம் அப்படியேதான் இருக்கிறது. கணக்கீட்டால் தந்தியை உருவாக்கும் முறை இந்த இடத்தில் பொருத்தமாக இருந்தது. மிடி வந்த அதே 1983இல் கெவின் கார்ப்லஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் வெளியிட்ட எளிய கணக்கு முறை அதற்கு மூலம். ஒரு சிறு இரைச்சல் துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மழுக்கினால் மீட்டிய தந்தியின் ஒலி பிறக்கிறது. சுற்றின் நீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றினால் தந்தி இழுபடுகிறது. திறந்த மூலக் கருவியான சர்ஜ் எக்ஸ்.டி.யில் வளைவு எல்லையை விரிக்கலாம், ஒரே சுரத்திலிருந்து மற்றதற்கு அறுபடாமல் நழுவச் செய்யலாம், தேவையான சுர அளவைகளைத் தனிக் கோப்பாக ஏற்றலாம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

சுருதி திருத்தத்தையும் நீக்கினான். ஒலியியல் வகுப்பில் உயிரொலிகளை அளக்கப் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் அப்பத்தாவின் மூலப் பதிவைத் திறந்தபோது அவளுடைய சட்சம் 201 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. பியானோவின் ‘ஜி’ 196. அடுத்த கட்டை 207.65. இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் அவள் பாடியிருக்கிறாள். திருத்தும் மென்பொருளுக்கு அது பிழை. ஏதேனும் ஒரு பக்கம் இழுத்துவிடும். தம்புராவோ பாடுபவரின் சுருதிக்கு வந்து சேரும் கருவி. 1970களின் இறுதியில் பெங்களூருவில் ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புராவிலும் பாடகர் திருகிச் சேர்த்துக்கொள்ளும் குமிழ் உண்டு. அவன் தம்புராவை 201க்குச் சேர்த்தான். தம்புராவின் தந்தி வளைந்த குதிரையை உரசுவதால் மேற்சுரங்கள் செழிப்பாக எழுகின்றன என்பது 1921இல் சி. வி. ராமன் ஆராய்ந்த செய்தி. அந்த மேற்சுரங்களின் நிழலில் அப்பத்தாவின் குரல் பிசகாமல் உட்கார்ந்தது. பிசகியிருந்தது கட்டைதான்.

இந்த வடிவத்தையும் அப்பத்தாவுக்கு அனுப்பினான். அவள் இரண்டு முறை கேட்டாள்.

“என் குரல் மாதிரியே இருக்குய்யா இப்ப.”

“பிள்ளை தூங்குமா?”

சிறிது நேரம் பேச்சில்லை. “தொட்டி இன்னும் ஆடலையே” என்றாள். அவன் மனம் சுருங்கியதை உணர்ந்தவள்போல, “நீ சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றினாள்.

அன்றிரவு அவன் வேறெதுவும் செய்யாமல் மூலப் பதிவை மட்டும் காதொலிப்பானில் கேட்டான். நான்காவது முறை கேட்கையில்தான் கொக்கி அவன் காதில் விழுந்தது. கிறீச். சற்றுப் பொறுத்து இன்னொரு கிறீச். பிராட் திரையில் ஒவ்வொரு கிறீச்சும் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. கோடுகளுக்கு இடையே அளந்தான்: 1.41 விநாடி, 1.43, 1.40, 1.44. நான்கு நிமிடமும் இதே கணக்கு.

பள்ளிக்கூடப் பாடம்தான். ஊசலின் காலம் அதன் நீளத்தைப் பொறுத்தது. உத்திரத்திலிருந்து பிள்ளை கிடக்கும் இடம்வரை சேலைத் தொட்டிலின் நீளம் இரண்டு மீட்டர் அளவிருக்கும். அப்படிப்பட்ட ஊசல் போய்வர ஏறத்தாழ 2.84 விநாடி எடுக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 1.42 விநாடி. நிமிடத்துக்கு 42 அசைவு. அப்பத்தாவின் தாலாட்டுக்குத் தாளம் வைத்தது அந்த வீட்டு உத்திரத்தின் உயரம். புதிய கோப்பைத் திறந்தால் ஒலிப்பதிவு மென்பொருள் தானாக எடுத்துக்கொண்ட வேகமோ நிமிடத்துக்கு 120. அவன் அதை மாற்றவில்லை என்பதைவிட, மாற்றத்தக்க ஒன்றாக அது அவன் கண்ணில் படவே இல்லை என்பதே சரி.

பாட்டை மறுபடி அந்தக் கோடுகளோடு வைத்துக் கேட்டபோது மற்றதும் விளங்கியது. அவள் தொட்டிலை ஒவ்வோர் அசைவுக்கும் தள்ளுவதில்லை. நாலைந்து அசைவுக்கு ஒருமுறை, தொட்டில் அவள் பக்கம் திரும்பி வரும்போது, ஓர் உந்து. அடி முடிவிலுள்ள அந்த நீண்ட இறக்கம் தொட்டில் திரும்பி வரும்வரை காத்திருக்கிறது. கை உந்தியதும் அடுத்த அடி தொடங்குகிறது. மாமன்மார் கொண்டுவந்த சீர்களை அடுக்கும் இடத்தில் சொற்கள் கூடினால் அசைவுக்குள் நெருங்கி ஓடுகின்றன. குறைந்தால் உயிரொலி நீள்கிறது. தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டுவதால் தாலாட்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுண்டு. இங்கே நாக்கு கையைக் கேட்டு ஆடுகிறது. கை தொட்டிலைக் கேட்கிறது.

குரலை வெட்டிக் கட்டங்களில் ஒட்டியபோது அவன் அந்தக் காத்திருப்பையெல்லாம் கத்தரித்துவிட்டிருந்தான். அதற்கும் முன்பு, இரைச்சலென்று கொக்கியை நீக்கியபோதே தொட்டிலை அவிழ்த்துவிட்டிருந்தான். அப்பத்தா உருவகமாக எதுவும் சொல்லவில்லை. தொட்டில் ஆடும் சத்தம் கேட்கவில்லை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். மக்கள் சொல்வதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும் என்று களப்பணிப் பயிற்சியில் கற்றவன், தன் வீட்டுத் தகவலாளியிடம் அதைச் செய்யத் தவறினான்.

மூன்றாம் வடிவம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மூலப் பதிவை வெட்டாமல் முழுதாக வைத்தான். காகத்தின் உரத்த கரைதலையும் பாத்திரச் சத்தத்தையும் மட்டும் அந்தந்த இடத்தில் தணித்தான், கொக்கியைத் தொடவில்லை. கட்டங்களை மறைத்தான். மென்பொருளின் வேகக் கோட்டைக் கிறீச்சுகளின்மேல் பொருத்தி, பாட்டின் பின்னால் இயந்திரம் நடந்து வரும்படி செய்தான். வயலின் கூட்டம் போனது, கார்டுகள் போயின, இரண்டு நாள் வளைத்து வளைத்து வரைந்த வீணையும் போனது. அது போகும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. எஞ்சியவை இரண்டே தடங்கள்: அப்பத்தாவின் பதிவு, அதன் அடியில் 201 ஹெர்ட்ஸில் மெல்லிய தம்புரா. நான்கு நிமிடப் பாட்டின் இறுதியைத் தொடக்கத்தோடு ஒரு கிறீச்சின் இடத்தில் இணைத்து, எத்தனை நேரம் வேண்டுமானாலும் சுற்றும்படி விட்டான்.

அறையில் இசை செய்ய விரும்பும் மாணவர்கள் பலர். எந்தக் கருவி நல்லது, எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியும் விடுதிகளில் அடிக்கடி எழுவது. இந்த ஒரு தாலாட்டு கற்றுத்தந்ததை வைத்து அதற்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் பாட்டைக் குரலாலோ விசிலாலோ கைப்பேசியில் பதிந்து, எந்தத் திரையும் இல்லாமல் பலமுறை கேட்க வேண்டும். அதன் வேகம் எங்கிருந்து வருகிறது, சுரங்கள் நிற்கின்றனவா நழுவுகின்றனவா, ஆதாரச் சுருதி எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு மென்பொருளிடமும் கேட்பதற்குச் சில கேள்விகளே உள்ளன. வளைவு எல்லையை மாற்ற விடுகிறதா? 440ஐ விட்டு விலகிச் சுருதி சேர்க்க விடுகிறதா? வேகத்தைப் பாட்டின் வழியே இழுக்க விடுகிறதா? கட்டங்களையும் கார்டுப் பரிந்துரைகளையும் அணைத்துவைக்க விடுகிறதா? இணையம் இல்லாத ஊரில், சந்தா கட்டாத மாதத்தில், பழைய கோப்பைத் திறக்க விடுகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று பதில் வரும் இலவசக் கருவி, எதற்கும் ஆம் என்னாத விலையுயர்ந்த கருவியைவிட மேலானது. பாட்டின் வேகமே நிமிடத்துக்கு 120 ஆக இருந்தால், சுரங்கள் கட்டைகளில்தான் நிற்கின்றன என்றால், மென்பொருளின் இயல்புநிலையே போதும், அதில் தாழ்வில்லை. தேர்ந்தெடுத்தவர் தாமாக இருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

பாட்டு முதலில் அப்பத்தாவுக்குப் போனது. “இந்தா, ஆடுதுல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். பிறகு அக்காவுக்குப் போனது. மறுநாள் காலை பதினொரு மணிவரை புனேயிலிருந்து மறுமொழி இல்லை. பிறகு வந்தது: “டேய் தம்பி, மூணாவது சுத்துல தூங்கிட்டான். நானும் அப்படியே தூங்கிட்டேன். போன் விடிய விடியப் பாடிட்டே இருந்துருக்கு.”

அவன் வன்தட்டிலிருந்து 37 ஜிகாபைட்டை அழித்தான். ரீப்பருக்கு 60 டாலர் கட்டி உரிமம் வாங்கினான். பிறகு, கட்டங்கள் மறைந்து, வளைவு எல்லை 12 என விரிந்து, தாளத் தட்டு அணைந்திருக்கும் ஒரு வெற்றுக் கோப்பை அமைத்து, புதிதாக எதைத் தொடங்கினாலும் முதலில் அதுவே திறக்கும்படி பதிவுசெய்தான். வேகம் மட்டும் ஏதேனும் ஓர் எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. 42 என்று இட்டான். கோப்புக்குப் பெயர் கேட்டபோது ‘தொட்டி’ என்று எழுதினான்.